சாப்பிடாதவர்களுக்கு என்ன ஆனது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் இதழின் உடல்நலப் பக்கத்தில் சளிக்கான மூலிகைச் சூரணம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஒரு வாரம் சாப்பிட்டவர்களில் பெரும்பாலோருக்குக் குணமாகிவிட்டதாம், ஆகவே மருந்து வேலை செய்கிறதாம். சாதாரணச் சளி எதுவும் சாப்பிடாமலே ஒரு வாரம், பத்து நாளில் அடங்கிவிடும். அதே பருவத்தில் அதே ஊரில் சூரணம் சாப்பிடாதவர்களுக்கு என்ன ஆனது என்று ஒரு வரிகூட இல்லை. நல்ல மருந்தாகவே இருக்கலாம். ஆனால் இந்தக் கட்டுரையை வைத்து அதைச் சொல்ல முடியாது.

அறிவியலில் கட்டுப்பாட்டுக் குழு, அதாவது ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே வைக்கும் பிரிவு, என்பது இதற்குத்தான். எங்கள் செட்டிநாட்டுச் சீமை வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகிய வருஷம் எந்த உரம் போட்டாலும் விளையும். அந்த விளைச்சல் உரத்தாலா, மழையாலா? அதே மடைத் தண்ணீர் பாயும் பக்கத்து வயலில் அந்த உரம் போடாமல் விட்டுப் பார்த்தால்தான் தெரியும். காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் தந்த 300 ஏக்கரில் எழுந்த செக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் எங்களுக்குப் பெருமை. அங்கு துருவை ஆராய்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள்: பூச்சு பூசிய தகட்டை உப்புக் காற்றில் வைக்கும்போது, பூசாத தகடு ஒன்றையும் பக்கத்திலேயே வைப்பார்கள்.

இதற்கு உலகமே எடுத்துக்காட்டும் ஆய்வு ஒன்று சென்னையிலேயே நடந்தது. காசநோயாளிகளை சானடோரியம் எனும் தனி மருத்துவமனையில் சேர்த்து ஓய்வும் நல்ல உணவும் கொடுத்தால்தான் பிழைப்பார்கள் என்று நம்பிய காலம். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தில் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவை வீட்டிலும் மற்றதை சானடோரியத்திலும் வைத்து, இரு பிரிவினருக்கும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தார்கள். யார் எந்தப் பிரிவு என்பதை நோயாளியும் தேர்ந்தெடுக்கவில்லை, மருத்துவரும் தேர்ந்தெடுக்கவில்லை. குலுக்கல்போலத்தான் பிரித்தார்கள். மருத்துவர் கைக்கு விட்டிருந்தால், தேறுவார் என்று தோன்றுகிறவரை ஒரு பக்கமே சேர்த்திருப்பார், தெரிந்தோ தெரியாமலோ. வீட்டில் இருந்தவர்களுக்கு உணவும் குறைவு, ஓய்வும் குறைவு. அப்படியிருந்தும் அவர்கள் ஏறக்குறைய சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே தேறினார்கள். வீட்டில் வைத்ததால் குடும்பத்தாருக்கு நோய் அதிகம் தொற்றவும் இல்லை. 1959இல் இந்த முடிவு வெளியான பிறகு, படுக்கை கிடைக்காத ஏழை நோயாளிக்கு வீட்டிலேயே சிகிச்சை என்பது நாடுகள் பலவற்றில் வழக்கமானது. சானடோரியத்தில் இருந்தவர்களை மட்டும் கணக்கெடுத்திருந்தால், ஓய்வுதான் குணப்படுத்தியது என்றே இன்னும் கொஞ்ச காலம் நம்பியிருப்போம்.

ஒரு பிரிவுக்கு மருந்து கொடுக்காமல் விடுவது பாவமில்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நிரூபணமான மருந்து ஏற்கெனவே இருந்தால், ஒப்பிடப்படும் பிரிவுக்கு அதைத்தான் கொடுக்க வேண்டும். புது மருந்து அதைவிட மேலா என்பதே அங்கு கேள்வி.

ஆகவே ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். இத்தனை பேருக்குக் குணமானது என்று யார் எழுதி அனுப்பினாலும், சாப்பிடாதவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் தேறினார்கள், இரு பிரிவையும் யார் எப்படிப் பிரித்தார்கள் என்று கேட்டு வாங்கி, பதிலையும் சேர்த்து வெளியிடுங்கள். பதில் இல்லையென்றால் அதையும் கட்டுரையிலேயே சொல்லிவிடுங்கள். இதுபோன்ற கட்டுரையை நம்பி, மருந்தை நிறுத்திவிட்டு ஏதோ ஒரு சூரணம் வாங்கப் போகிற சர்க்கரை நோயாளிகளும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
தேவகோட்டை.