வீட்டுக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி

ஆசிரியருக்கு வணக்கம். இணைய இணைப்போடு சேர்த்துக் கொடுத்த மின்னஞ்சல் முகவரியைத்தான் அப்பா பல வருஷமாக வைத்திருந்தார். வீடு மாறி இணைப்பை ரத்து செய்ததும் முகவரியும் போய்விட்டது, பிரீமியம் நினைவூட்டல் அதற்கே போய்க்கொண்டிருந்ததால் பாலிசி காலாவதியானது. அப்புறம்தான் சொந்தமாக டொமைன், அதாவது முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர், வாங்கினோம். டொமைன் நம் பெயரில் இருந்தால், சேவை பிடிக்காதபோது அஞ்சல் எந்தச் சேவைக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை மட்டும் மாற்றிவிட்டு வேறு இடம் போகலாம், முகவரி மாறாது.

டொமைனுக்குச் செலவு பெரிதில்லை. அஞ்சல் வந்து சேரும் மின்னஞ்சல் பெட்டிச் சேவைக்குத்தான் திண்டாட்டம். சொந்த டொமைனுக்கான இலவசத் திட்டத்தைக் கூகுள் 2012 டிசம்பரிலேயே புதியவர்களுக்கு நிறுத்திவிட்டது, இப்போது தலைக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம், நாலு பேர் உள்ள வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. நம்ம ஊர் ஜோஹோ நிறுவனத்தின் இலவசத் திட்டத்தில் 5 பேர் வரை சேரலாம், ஆனால் தண்டர்பேர்ட் போன்ற அஞ்சல் மென்பொருளில் இறக்கிப் படிக்க முடியாது, பிரவுசரிலோ அவர்களுடைய ஆப்பிலோதான் பார்க்க வேண்டும். எங்களுக்கு அதுவே போதும். அஞ்சல் உண்மையிலேயே நம் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளைப் போடாமல் விட்டதால் முதல் வாரம் அனுப்பியதெல்லாம் ஸ்பேமில் விழுந்தது, சேர்த்த பிறகு சரியானது.

ஆளுக்கு இவ்வளவு என்று வாங்காமல், வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரு குடும்பத் திட்டத்தை நம் நிறுவனங்கள் கொண்டுவர வேண்டும். உங்கள் தொழில்நுட்பப் பக்கத்திலும் இதைப் படிப்படியாக விளக்கி எழுதுங்கள்.

— ஒரு வாசகர், தஞ்சாவூர்