கச்சா எண்ணெய் வணிகம் ஓட்டுநர்களுக்கு ஏற்றதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அம்பத்தூரில் ஆட்டோ ஓட்டிப் பிழைப்பவன் நான். சில வாரங்களுக்கு முன் எங்கள் ஸ்டாண்டுக்கு வந்த தரகு நிறுவன முகவர் ஒருவர், பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் புலம்புவதைவிட எம்.சி.எக்ஸ். என்ற பண்டச் சந்தையில் கச்சா எண்ணெயை வாங்கி வைத்தால், பெட்ரோல் பங்க்கில் இழப்பதை அங்கே ஈட்டிவிடலாம் என்று விளக்கினார். கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. விமான நிறுவனங்கள் எரிபொருள் செலவை இப்படித்தான் கட்டுப்படுத்துகின்றன என்றும் சொன்னார். அது உண்மையே. ஆனால் அவை வாங்கும் எரிபொருளின் விலை உலகச் சந்தையை ஒட்டி ஏறி இறங்குகிறது. நாங்கள் பங்க்கில் கொடுக்கும் விலை அப்படி நடந்துகொள்வதில்லை.

2017 ஜூன் 16 முதல் பெட்ரோல் விலை நாள்தோறும் மாற்றியமைக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. நடந்தது என்ன? 2020ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் கச்சா எண்ணெய் விலை அதலபாதாளத்துக்குப் போனபோது, மத்திய அரசு மார்ச்சிலும் மே மாதத்திலும் கலால் வரியை உயர்த்தியது. மே மாத உயர்வு மட்டும் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 10 ரூபாய், டீசலுக்கு 13 ரூபாய். அதே மாதத் தொடக்கத்தில் மாநில அரசும் தன் வரியை உயர்த்தியதால், சென்னையில் பெட்ரோல் 72 ரூபாய் 28 காசிலிருந்து 75 ரூபாய் 54 காசாக ஏறியது. அந்த ஆண்டு கச்சா எண்ணெயை வாங்கி வைத்த ஓட்டுநர் சந்தையிலும் இழந்திருப்பார், பங்க்கிலும் கூடுதலாகக் கொடுத்திருப்பார். இதற்கு நேர்மாறாக, உக்ரைன் போரால் 2022 மார்ச்சில் பீப்பாய் 130 டாலரைத் தாண்டியபோது, ஐந்து மாநிலத் தேர்தல்கள் முடியும்வரை பங்க் விலை அசையவே இல்லை. அப்போது வாங்கி வைத்திருந்தவருக்கு லாபம் கிடைத்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அது செலவை ஈடுகட்டும் ஏற்பாடன்று, சூதாட்டத்தில் விழுந்த நல்ல பகடை.

இந்தச் சந்தையில் எண்ணெயை நேரில் வாங்குவதில்லை, பின்னொரு தேதிக்கான ஒப்பந்தத்தைத்தான் வாங்குகிறோம். முகவர் சொல்லாமல் விட்டது அந்த ஒப்பந்தத்தின் அளவு. எம்.சி.எக்ஸில் உள்ள மினி ஒப்பந்தமே 10 பீப்பாய், அதாவது ஏறத்தாழ 1,590 லிட்டர். நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் போடும் எனக்கு அது பத்து மாதத்துக்கும் மேலான அளவு. ஒப்பந்தமோ மாதந்தோறும் முடிந்துவிடும். இடையில் விலை சரிந்தால் அன்றன்றைய நட்டத்தை அன்றன்றே கட்டியாக வேண்டும். வண்டிக்கான டியூவையே சவாரியை நம்பிக் கட்டுகிறவர் அந்தப் பணத்துக்கு எங்கே போவார்? 2020 ஏப்ரல் 20 அன்று ஊரடங்கு காரணமாக எம்.சி.எக்ஸ். மாலை ஐந்து மணிக்கே மூடப்பட்டிருந்தது. அன்றிரவு அமெரிக்காவில் விலை பூஜ்யத்துக்கும் கீழே இறங்கியதால், இங்கே ஒப்பந்தம் பீப்பாய்க்கு மைனஸ் 2,884 ரூபாய் என்று தீர்க்கப்பட்டது. 100 பீப்பாய் கொண்ட ஒரு லாட்டை வைத்திருந்தவர், வாங்கிய மதிப்பு முழுவதையும் இழந்ததோடு, மேலும் 2,88,400 ரூபாய்க்குப் பொறுப்பாளியானார்.

எண்ணெய் நிறுவனப் பங்குகளை வாங்கலாமே என்று எங்கள் ஸ்டாண்டில் ஒரு தம்பி கேட்டார். கச்சா எண்ணெய் விலை ஏறியும் சில்லறை விலையை உயர்த்த முடியாத 2022 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில், மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களும் சேர்ந்து 18,000 கோடி ரூபாய்க்கு மேல் நட்டமடைந்தன. எரிபொருள் செலவுக்கு ஈடாக அவற்றை வாங்குவது, மழைக்குப் பயந்து ஓட்டைக் குடை வாங்குவது போன்றதுதான்.

எரிபொருள் விலை உயர்வைச் சமாளிக்க எங்களுக்குத் தேவையானது தரகுக் கணக்கு அன்று, கட்டணத்தில் மாற்றம். சென்னையில் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பின்னர் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய் என்ற ஆட்டோ கட்டணம் 2013 ஆகஸ்டில் நிர்ணயிக்கப்பட்டது. அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேல் அது திருத்தப்படவில்லை, பெட்ரோலோ இடையில் நூறு ரூபாயைத் தாண்டியது. மீட்டர் போடுவதில்லை என்று எங்கள்மீது பயணிகளுக்கு உள்ள கோபத்துக்கும் இதில் பங்குண்டு. பெட்ரோல் விலை குறிப்பிட்ட அளவு மாறும்போது கட்டணமும் இருபக்கமும், அதாவது விலை இறங்கினால் இறங்கும் வகையிலும், தானாகத் திருத்தப்பட அரசு விதி வகுக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆட்டோ ஓட்டுநர் ஒருவர்,
அம்பத்தூர், சென்னை.