வீட்டுப் பேச்சில் தொடங்கட்டும் ரஷ்ய மொழி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரஷ்யாவுக்குப் படிக்கச் செல்லும் நம் மாணவர்கள் முதலாண்டில் மொழியால் படும் திண்டாட்டம் குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அதில் கூறப்பட்டிருந்த தீர்வுகள் கூடுதல் வகுப்பு, கூடுதல் பாடநூல் என்ற அளவிலேயே நின்றுவிட்டன. பல ஆண்டுகளுக்கு முன் வரோனெஷ் நகரில் படித்தவன், முதல் ஓராண்டு மாணவர் விடுதியிலும் அதன்பின் மூன்றாண்டு ஒரு மூதாட்டியின் வீட்டில் வாடகை அறையிலும் தங்கியவன் என்ற முறையில், கட்டுரை தொடாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். தமிழருக்கு ரஷ்ய மொழி வகுப்பறையைவிட வீட்டில்தான் எளிதாக வருகிறது. ஏனெனில் வீட்டில் புழங்கும் ரஷ்ய வாக்கியங்கள் பலவும் நாம் பேசும் முறைக்கு மிக நெருக்கமானவை.

எங்களுக்குத் தரப்பட்ட பாடநூல் ஆங்கிலம் அறிந்தோருக்காக எழுதப்பட்டது. 33 எழுத்துகள், ஆறு வேற்றுமைகள், மூன்று பால்கள் என்று அட்டவணை அட்டவணையாக அது விரியும். நான்காம் வேற்றுமைக்கு ஒத்த உருபை விளக்குவதற்கே ஓர் அத்தியாயம் போயிற்று. விடுதி அறையில் அதை உருப்போட்டுக்கொண்டிருந்த எனக்கு, அந்த மூதாட்டியின் வீட்டுக்கு மாறிய முதல் வாரத்தில் அத்தியாயம் முழுவதும் ஒரே வாக்கியத்தில் விளங்கிவிட்டது. சன்னலைச் சாத்திக்கொண்டே அவர், “ம்னே ஹோலத்ன” என்றார். ‘ம்னே’ என்றால் ‘எனக்கு’, எனக்குக் குளிர்கிறது. அன்று முதல் ‘எனக்குப் பிடிக்கும்’, ‘எனக்கு இருபது வயது’ என எல்லாம் தமிழில் நினைத்தபடியே ரஷ்ய மொழியில் வந்து விழுந்தன. ‘நான் மாணவன்’ என்பதைக்கூட அவர்களும் நம்மைப் போலவே வினைச்சொல் இல்லாமல் சொல்கிறார்கள். எட்டு வேற்றுமைகளோடு வளர்ந்தவர்களை ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றி அழைத்துச் செல்வது ஏன் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

கோடையில் அடுக்ககத்தின் நுழைவாயில் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டப்படும். குழாய்களைப் பழுதுபார்ப்பதற்காக வெந்நீர் விநியோகம் இரண்டு வாரம் வரை நிறுத்தப்படும். அந்நாட்களில் பெரிய பாத்திரத்தில் தண்ணீரைச் சுடவைத்துத்தான் குளிக்க வேண்டும். மாடிப்படியில் எதிர்ப்படுவோர் எல்லாம் ‘வெந்நீரை நிறுத்திவிட்டார்கள்’ என்றும், பின்னர் ‘விட்டுவிட்டார்களா?’ என்றும் பேசிக்கொள்வார்கள். யார் நிறுத்தினார்கள், யார் விட்டார்கள் என்பது வாக்கியத்தில் இருக்காது. ‘கரண்ட் எடுத்துட்டாங்க’ என்று நாம் சொல்லும்போதும் இருப்பதில்லை அல்லவா? இலையுதிர்காலத்தில் நாளின் சராசரி வெப்பநிலை தொடர்ந்து ஐந்து நாட்கள் 8 டிகிரிக்குக் கீழே இறங்கினால் வீடுகளுக்கு மைய வெப்பமூட்டல் தொடங்கும். அப்போதும் இதே வாக்கியம்தான். வெந்நீரின் இடத்தில் வெப்பம் வந்துவிடும்.

வினைகளின் கதையும் இதுவே. ரஷ்ய மொழியில் பெரும்பாலான செயல்களுக்கு முடிவுறாதது, முடிவுற்றது என இரட்டை வினைகள் உண்டு; அயலார் பலரும் தடுக்கி விழும் இடம் இது. ஒருநாள் இரவு வீட்டு அம்மாள், “பஸூது பமீல்?” என்று கேட்டார். பாத்திரமெல்லாம் கழுவியாகிவிட்டதா என்பது பொருள். நான் “மீல்” என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்த் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். ‘கழுவிவிட்டேன்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘கழுவிக்கொண்டிருந்தேன்’ என்பது போன்ற விடையைச் சொல்லியிருக்கிறேன். பாதியில் விட்டுவிட்டேனோ என்று அவருக்கு ஐயம் வந்ததில் வியப்பில்லை. ‘விடு’ என்னும் துணைவினை தமிழில் செய்யும் வேலையில் பெரும்பகுதியை அங்கே ‘ப’ போன்ற சிறு முன்னொட்டுகள் செய்கின்றன என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு அந்த ஒரு பார்வை போதுமானதாக இருந்தது.

நமக்கு உண்மையிலேயே கடினமானது அஃறிணைப் பொருள்களுக்கும் ஆண்பால், பெண்பால் இருப்பதுதான். இங்கே தமிழ் கைகொடுக்காது. ஆனால் வீட்டு வழக்கம் கைகொடுக்கும். மேசையிலிருந்து கத்தி கீழே விழுந்தால் ஆண் விருந்தாளி வருவார் என்றும், கரண்டியோ முள்கரண்டியோ விழுந்தால் பெண் விருந்தாளி வருவார் என்றும் ரஷ்யர்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. கத்தியைக் குறிக்கும் ‘நோஷ்’ ஆண்பால். கரண்டியைக் குறிக்கும் ‘லோஷ்கா’வும் முள்கரண்டியைக் குறிக்கும் ‘வீல்கா’வும் பெண்பால். அந்த வீட்டில் கத்தி விழும்போதெல்லாம் அம்மாள் வாசலைப் பார்ப்பார். அந்தச் சொற்களின் பால் எனக்கு மறந்ததே இல்லை. எண்களும் அப்படித்தான். ரவைக் கஞ்சியில் சர்க்கரை போடும்போது இரண்டு என்றால் ‘லோஷ்கி’, ஐந்து என்றால் ‘லோஷெக்’ என்று சொல் உருமாறுவதைக் கேட்டுக் கேட்டே காதில் ஏற்றிக்கொண்டேன். தட்டு மேசைமீது ‘நிற்கிறது’, முள்கரண்டி ‘படுத்திருக்கிறது’ என்று அவர்கள் சொல்வது மட்டும் நெடுநாள் வேடிக்கையாகவே இருந்தது.

வீட்டில் கற்பதில் ஓர் இடர்ப்பாடும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. ரஷ்ய மொழியின் இறந்தகால வினை, பேசுபவர் ஆணா பெண்ணா என்பதைக் காட்டிவிடும். முழு நாளும் ஒரு மூதாட்டியின் பேச்சையே கேட்டுப் பழகிய நான், ஒருமுறை வகுப்பில் ‘களைத்துவிட்டேன்’ என்பதற்கு ‘உஸ்தால்’ என்று சொல்லாமல் ‘உஸ்தாலா’ என்று பெண்பாலில் சொல்லிவிட, வகுப்பே சிரித்தது.

மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகத் தமிழ் நூல்களைப் படித்து வளர்ந்த என் தலைமுறையினருக்கு ரஷ்ய வீடு என்றாலே தேநீருக்கு வெந்நீர் கொதிக்கவைக்கும் கலமான சமோவார்தான் நினைவுக்கு வரும். நான் தங்கிய வீட்டில் அது அலமாரியின் உச்சியில் அலங்காரமாக அமர்ந்திருந்தது. வெந்நீர் மின்கெண்டியில் கொதித்தது. ஆனால் தேநீர் முறை மாறவில்லை. ‘ஸவார்க்கா’ எனப்படும் கடும் வடிநீரைச் சிறு கெண்டியிலிருந்து கோப்பையில் சிறிது ஊற்றி, மேலே வெந்நீர் சேர்ப்பார்கள். குடித்து முடித்து நன்றி சொன்னால், ‘நா ஸ்தரோவ்யே’ என்று விடை வரும். ‘உடம்புக்கு நல்லதாக அமையட்டும்’ என்பது அதன் கருத்து. மதுக்கோப்பையை உயர்த்திச் சொல்லும் வாழ்த்து இது என்று எண்ணி வெளிநாட்டவர் பலர் விருந்துகளில் முழங்குவதைக் கண்டிருக்கிறேன். உணவுமேசையில் அதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்தக் குழப்பம் வராது.

மொழி வீட்டுப் பேச்சிலிருந்தே வருகிறது என்பதற்கு ரஷ்ய இலக்கிய மொழியின் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1799-இல் பிறந்த கவிஞர் புஷ்கின், பிரெஞ்சு மொழி பேசிய மேட்டுக்குடி வீட்டில் வளர்ந்தவர். பண்ணையடிமையாகப் பிறந்த செவிலித்தாய் அரீனா ரதியோனவ்னா போன்றோரிடமிருந்தே அவர் மக்கள் பேச்சையும் கதைகளையும் பெற்றார். 1824 முதல் 1826 வரை மிகாய்லவ்ஸ்கயே கிராமத்தில் அரசாணையால் முடங்கியிருந்தபோது, அந்தச் செவிலி சொன்ன கதைகளை அவர் குறிப்பேட்டில் எழுதிவைத்தார்.

விடுதியில் தங்கும் மாணவர் எல்லோருக்கும் ரஷ்யக் குடும்பத்தோடு வாழும் வாய்ப்புக் கிட்டாது என்பதை அறிவேன். எனினும் தமிழ் வழியே, வீட்டுப் பேச்சிலிருந்து தொடங்கும் ஒரு சிறு பாடவரிசையையேனும் அவர்களுக்குத் தர முடியும். அங்கே கல்வியாண்டு செப்டம்பர் 1-இல் தொடங்குகிறது. ஜூன் மாதத்திலிருந்து வாரத்திற்கு ஒரு பத்தி வீதம் தங்கள் நாளிதழில் இடம் ஒதுக்க இயலுமாயின், சமையலறை, குளியலறை, மாடிப்படி என்று இடவாரியாகப் பிரித்துப் பன்னிரண்டு பாடங்களை எழுதித் தர அணியமாக இருக்கிறேன். ஊதியம் எதுவும் வேண்டியதில்லை. ரஷ்யச் சொற்களைப் பிழையின்றி அச்சிட்டால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்