90 நாளில் மூன்று தரையிறக்கம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. இதற்குள் ரோஸ்டர், அதாவது பணி அட்டவணை, இரண்டு முறை மாறிவிட்டது. தூங்க வேண்டிய நேரத்தில் பறந்தேன், தூங்கக் கிடைத்த நேரத்தில் தூக்கம் வரவில்லை. இன்றுதான் முழுதாக ஒரு நாள் ஓய்வு.

விமானிகளுக்கான மருத்துவப் பரிசோதனையில், அந்த மெடிக்கலில், தேறிவிட்டாய் என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இத்தனை வருட உழைப்பு ஒரே ஒரு ஈசிஜி தாளில் நின்றுபோகலாம் என்ற பயம் நம் தொழிலில் எல்லோருக்கும் உண்டு. வெளியே யாரிடமும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

"நீ இன்னும் ஆசையோடுதான் ஓட்டுகிறாயா, இல்லை பழக்கத்திலா?" என்று கேட்டிருந்தாய். இதே கேள்வியை 2020-இல் நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். அதற்கு முந்தைய ஆண்டு உலகம் முழுக்க விமானப் பயணிகள் சுமார் 450 கோடி. 2020-இல் 180 கோடி. அந்தச் சரிவில் நாம் இருவருமே விழுந்தோம். எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது: சம்பளமில்லா விடுப்பு, மறு அறிவிப்பு வரும்வரை. அந்த மறு அறிவிப்பு வரவேயில்லை. வேறு நிறுவனத்தில் இடம் கிடைத்தபோது சீனியாரிட்டி பட்டியலில் என் பெயர் கடைசியில் இருந்தது. கேப்டனாக இருந்தவன் மறுபடியும் துணை விமானியாக வலது இருக்கைக்கு வந்தேன்.

ஆனால் அந்த வருடத்தில் என்னை அதிகம் வலித்தது சம்பளம் நின்றதல்ல. கடந்த 90 நாளில் மூன்று முறையாவது விமானத்தை மேலேற்றி இறக்காதவன் பயணிகளோடு பறக்கக் கூடாது என்ற விதி உனக்குத் தெரியும். என் கணக்கில் அந்த 90-ஆவது நாள் வந்து போனது. வீட்டில் யாருக்கும் அது ஒரு நாளாகவே தெரியவில்லை. நான் என் பறப்புகளைக் குறித்துவைக்கும் லாக்புக்கைத் திறந்து கடைசித் தரையிறக்கத்தின் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழக்கமாக மட்டும் இருந்திருந்தால் அப்படி உட்கார்ந்திருக்க மாட்டேன். உன் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்.

போன வாரம் நல்ல பக்கக் காற்று. மேகத்தைவிட்டு வெளியே வந்ததும் ஆட்டோபைலட்டை எடுத்துவிட்டுக் கையாலேயே இறக்கினேன். மூக்கு காற்றின் பக்கம் திரும்பியிருக்க, ஓடுபாதை கண்ணாடியின் ஓரத்தில் தெரிந்தது. தரை நெருங்கும்போது வாலில் உள்ள சுக்கானான ரட்டரின் மிதியை மெல்ல மிதித்து மூக்கை நேராக்கி, காற்று வரும் பக்கத்து இறக்கையைத் துளி தாழ்த்தினேன். முதலில் ஒரு பக்கச் சக்கரம் தொட்டது, அப்புறம் மறுபக்கம். சில நொடி வேலைதான். இரவு இரண்டு மணிக்குக் கண் எரிய உட்கார்ந்திருந்த களைப்பை அது போக்கிவிடாது. ஆனாலும் ஹோட்டல் அறைக்குப் போன பிறகு வெகுநேரம் என் கை அதையே நினைத்துக்கொண்டிருந்தது. செஸ்னா 152 என்ற அந்தச் சின்னப் பயிற்சி விமானத்தில் முதன்முதலாகத் தனியாகப் பறந்துவிட்டு வந்து நீ பேச முடியாமல் நின்றாயே, அதே உணர்வுதான்.

உன் மகள் விமானியாக வேண்டும் என்கிறாள், என்ன சொல்வதென்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். 2009 ஜனவரியில் ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கி 155 பேரையும் காப்பாற்றினாரே கேப்டன் சல்லன்பெர்கர், அவர் அடுத்த மாதமே அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் பேசினார். தன் சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டதையும் ஓய்வூதியத் திட்டம் பறிபோனதையும் சொல்லிவிட்டு, தன் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வர வேண்டும் என்று நினைக்கும் ஒரு விமானியைக்கூடத் தனக்குத் தெரியாது என்றார். நம் எல்லோருக்காகவும் பேசியதாகத்தான் அப்போது எனக்குப் பட்டது. அவருக்கும் அந்த வேலை மேல் அன்பு குறைந்திருந்ததாக நான் நினைக்கவில்லை. நம் ஆசையைக் காட்டியே நம்மைக் குறைந்த சம்பளத்துக்கும் மோசமான ரோஸ்டருக்கும் சம்மதிக்க வைப்பார்கள். அங்கே விட்டுக்கொடுக்கக் கூடாது. சங்கக் கூட்டத்துக்குப் போ, களைப்பாக இருந்தால் பறக்க முடியாது என்று எழுதிக் கொடு. இதெல்லாம் தொழிலை நேசிக்காதவன் செய்யும் வேலை என்று யார் சொன்னாலும் நம்பாதே.

அதனால் மகளிடம் எதையும் மறைக்காதே. வேலை போன இரண்டு முறையும் வீடு எப்படி இருந்தது என்று அவளுக்கே தெரியும். பயிற்சிக்குப் பணம் கட்டும் முன்பே முதல் வகுப்பு மெடிக்கலை முடிக்கச் சொல். கட்டிவிட்டு, அப்புறம் கண்ணிலோ காதிலோ குறை தெரிந்து கடனோடு நின்றவர்களை நாம் இருவருமே பார்த்திருக்கிறோம். அதற்குப் பிறகு ஒரு சின்ன விமானத்தில் பயிற்றுநரோடு ஒரு மணி நேரம் பறந்துவிட்டு வரட்டும். இறங்கி வரும்போது அவள் முகத்தைப் பார், நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு வரும் வியாழன் சிமுலேட்டர் தேர்வு. மேலெழும் நேரத்தில் எப்படியும் ஒரு எஞ்சினை நிறுத்துவார்கள். இத்தனை வருடம் ஆகியும் முந்தின இரவு புத்தகத்தோடுதான் உட்காருவேன். உன் புது இடத்தில் டைப் ரேட்டிங், அதாவது குறிப்பிட்ட விமான வகைக்கான பயிற்சி, எப்போது தொடங்குகிறது, எந்த விமானம் என்று எழுது. நான் ஏற்கெனவே ஓட்டியதாக இருந்தால் என் குறிப்பேடுகளை அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்