ஏர்பிரஷ் தொடக்கத் தொகுப்பு பற்றிய புகார்: பழுது பெட்டியில் இருக்கிறது, பழகுபவர் கையில் இல்லை

அனுப்புநர்:
மாடல் கார் பயிற்சிக் குழுவினர்,
சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா.

பெறுநர்:
மேலாளர், தொழில்நுட்பப் பிரிவு, சென்னை
(வழி: டர்பன் விற்பனைப் பிரிவு).

பொருள்: மூன்று ஏர்பிரஷ் தொகுப்புகளில் நாசில், ஊசி வாஷர், தின்னர், வாட்டர் டிராப், கையேடு ஆகியவற்றில் உள்ள குறைகள், மாற்றுப் பொருளும் பணமும் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். 1:24 அளவு (அசலில் 24-இல் ஒரு பங்கு) மாடல் கார்களுக்கு, காற்றழுத்தத்தால் வண்ணத்தைத் தூவும் பேனா போன்ற கருவியான ஏர்பிரஷால் வண்ணமடிக்கப் பழகுபவர்களுக்கென்று நீங்கள் விற்கும் தொகுப்பில் மூன்று பெட்டிகளை, எங்கள் வாராந்திரப் பயிற்சிக்காக உங்கள் டர்பன் விற்பனைப் பிரிவில் வாங்கினோம். வாங்கி இன்னும் ஆறு மாதம் ஆகவில்லை. முதலில் அனுப்பிய புகாருக்கு வந்த பதில் இரண்டே வரி: கழுவாததால் அடைப்பு, ஊசியைக் கழற்றிச் சுத்தம் செய்து நாசிலை (வண்ணம் வெளிவரும் நுண்துளை முனையை) நன்றாக இறுக்குங்கள். அடைப்பு என்று நாங்கள் எழுதவே இல்லை. கிண்ணத்தில் குமிழி வருகிறது என்றுதான் எழுதியிருந்தோம். தொழில்நுட்ப விஷயங்களைச் சென்னை அலுவலகமே பார்க்கிறது, தமிழிலேயே எழுதலாம் என்று இங்குள்ளவர்கள் சொன்னதால், சோதித்த விதத்தோடு இம்முறை உங்களுக்கே எழுதுகிறோம். படிப்பவர் ஒரு ஏர்பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் நல்லது.

முதலில் அந்தக் குமிழி. கிண்ணத்தில் வண்ணம் வேண்டாம், சுத்தமான தண்ணீரைப் பாதியளவு ஊற்றுங்கள். டிரிகரைக் கீழே மட்டும் அழுத்துங்கள். பின்னால் இழுக்க வேண்டாம். காற்று மட்டும் போக வேண்டும், தண்ணீர் அசையாமல் நிற்க வேண்டும். உங்கள் மூன்று ஏர்பிரஷில் இரண்டில், அழுத்திய உடனே கிண்ணத்தின் அடியிலிருந்து குமிழி பொங்குகிறது. காற்று நாசிலைச் சுற்றி வெளியேறுவதற்குப் பதிலாக வண்ணம் வரும் பாதைக்குள் புகுந்து பின்னால் ஏறுகிறது என்று அர்த்தம். நாசிலின் மேல் மாட்டும் முன்மூடியின் வாயில் காய்ந்த வண்ணம் அடைத்திருந்தாலும் இப்படி நடக்கும் என்பதால் முன்மூடியைக் கழற்றிவிட்டும் பார்த்தோம். குமிழி நிற்கவில்லை. மிச்சம் இருப்பது இரண்டே வாய்ப்பு: நாசில் ஏர்பிரஷின் பாடியில் சரியாக உட்காரவில்லை, அல்லது நாசிலிலேயே கீறல்.

எது என்று கண்டுபிடிக்க, அதே மரையுள்ள வேறொரு ஏர்பிரஷின் நாசிலை உங்களுடையதில் மாட்டினோம், குமிழி நின்றது. உங்கள் நாசிலை அந்த ஏர்பிரஷில் மாட்டினோம். குமிழி அங்கே போனது. ஆக, பாடியில் குறையில்லை. பத்து மடங்கு லூப்பில் (உருப்பெருக்கியில்) பார்த்தால், நாசிலின் கூம்பு ஆரம்பிக்கும் இடத்தில் மரைக்கு நேர் மேலே மயிரிழை போல ஒரு விரிசல் தெரிகிறது. வெளிச்சத்தைப் பக்கவாட்டில் காட்டினால்தான் தெரியும். நாங்கள் அதிகமாக இறுக்கியதால் விரிந்தது என்று நீங்கள் சொல்லலாம். அதனால்தான் பெட்டியோடு வந்த உபரி நாசில் பையை, ஒட்டைப் பிரிப்பதற்கு முன்னும் பின்னும் படமெடுத்து வைத்திருக்கிறோம். ஸ்பேனரே படாத அந்த நாசிலிலும் அதே இடத்தில் அதே விரிசல். கடைசலிலோ முலாமிலோ ஏற்பட்ட குறை அது.

இதைவிட எங்களுக்குக் கோபம் வருவது, கையேட்டின் இரண்டாம் பக்கத்தில் "ஸ்பேனரால் நன்கு இறுக்கவும்" என்று அச்சடித்திருப்பதற்கு. 0.3 மி.மீ. நாசிலின் மரை எவ்வளவு சிறியது என்பது அதை விற்கும் உங்களுக்குத் தெரியாததல்ல. விரலால் முழுவதும் திருகி, பிறகு ஸ்பேனரைத் தொட்டுத் தொடாமல் எட்டில் ஒரு பங்கு சுற்று. அதோடு நிறுத்த வேண்டும். நல்ல நாசிலையும் உங்கள் கையேடு உடைக்க வைக்கும்.

மூன்றாவது ஏர்பிரஷில் நாசில் சரி, ஊசி அதற்குரியது அல்ல. பெட்டியின் மேல் 0.3 என்று போட்டிருக்கிறது. ஆனால் ஊசியை முழுவதும் உள்ளே தள்ளி மூடினால், அதன் முனை முன்மூடியைத் தாண்டி வெளியே நீள்கிறது. சரியான 0.3 ஊசியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்களுடையதன் கூர்ச்சரிவு நீளமாக, மெல்லியதாக இருக்கிறது. 0.2 நாசிலுக்கு உரிய ஊசி என்று நினைக்கிறோம். நாசில், ஊசி, முன்மூடி மூன்றும் ஒரே அளவில் சேர்ந்து வர வேண்டியவை. ஜோடி மாறினால் டிரிகரைக் கொஞ்சம் இழுத்தாலே வண்ணம் கொட்டுகிறது, மெல்லிய கோடு போடவே முடியாது. நீளும் முனை முதல் தடவை எதிலாவது இடித்ததும் கொக்கி போல வளைந்துவிடும். அப்புறம் வண்ணம் ஒரு பக்கமாகவே போகும். புதிதாகப் பழகுபவர் இதைத் தன் கை நடுக்கம் என்றுதான் நினைப்பார்.

அடுத்தது வண்ணக் கிண்ணத்துக்கும் டிரிகருக்கும் நடுவில் ஊசியைக் கவ்வும் வாஷர். பெட்டியில் "லேக்கர் வண்ணத்துக்கு ஏற்றது" என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. லேக்கர் என்பது தண்ணீரில் அல்ல, காரமான கரைப்பானில் கலக்கும் வண்ணம். உள்ளே இருப்பதோ கறுப்பு ரப்பர் ஓ-ரிங் (வளையம்). லேக்கர் தின்னர் படும் இடத்தில் டெஃப்லான் வாஷர்தான் நிற்கும். உங்கள் உபரி ஓ-ரிங்கை லேக்கர் தின்னரில் ஓர் இரவு ஊற வைத்தோம். மறுநாள் அது தன் பள்ளத்துக்குள் திரும்பப் போகவில்லை, அவ்வளவு உப்பிவிட்டது. ஏர்பிரஷுக்குள் இது நடக்கும்போது ஊசி இறுகிப்போகும். டிரிகரை விட்டாலும் ஊசி முன்னால் வந்து மூடாது. கை ஓட்டம் முடிகிற இடத்தில், அதுவும் பெரும்பாலும் கார் கூரையின் ஓரத்தில், ஒரு சொட்டு வண்ணம் குளம் கட்டி நிற்கும்.

தின்னர் விஷயம் இன்னும் எளிது, இன்னும் மோசம். வண்ணக் குப்பிகள் லேக்கர். கூடவே வைத்திருக்கும் தின்னர் நீரில் கரையும் அக்ரிலிக்குக்கு உரியது. இரண்டையும் கலந்தால் பால் பதம் வர வேண்டிய இடத்தில் திரிந்த பால் வருகிறது: நூல் நூலாக, பிசுபிசுப்பாக. இதைத்தான் உங்கள் பதில் "கழுவாததால் வந்த அடைப்பு" என்கிறதோ என்னவோ. குப்பிக்கு ஏற்ற லேக்கர் தின்னரில், நிறப் பூச்சுக்கு வண்ணம் ஒன்றுக்குத் தின்னர் ஒன்று அல்லது ஒன்றரை, கடைசி ஈரப் பூச்சுக்கு ஒன்றுக்கு இரண்டு என்று கலந்தபோது அதே வண்ணம் ஒழுங்காகப் போனது. வண்ணத்தில் எங்களுக்குக் குறை இல்லை என்பதையும் பதிவு செய்கிறோம்.

காற்றழுத்தம். கையேடு 40 பிஎஸ்ஐ வைக்கச் சொல்கிறது, அதாவது ஏறத்தாழ 2.8 பார். 0.3 நாசிலில் 1:24 கார் பாடிக்கு 15 முதல் 20 பிஎஸ்ஐ, அதாவது 1 முதல் 1.4 பார் போதும். அதையும் டிரிகரை அழுத்திக்கொண்டே மீட்டரில் பார்த்து வைக்க வேண்டும். விட்டதும் முள் ஏறும், அந்த எண்ணை நம்பக் கூடாது. 40-இல் அடித்தால் தள்ளிப் பிடிக்கும்போது வண்ணம் காற்றிலேயே பாதி காய்ந்து உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக விழும். கிட்டே பிடித்தால் ஈர வண்ணத்தைக் காற்று ஊதித் தள்ளி, நாலா பக்கமும் கால் முளைக்க வைக்கும். தூரம் 8 முதல் 10 செ.மீ. என்றோ, காற்றை முதலில் திறந்து பிறகு வண்ணத்தை இழுக்க வேண்டும், முடிக்கும்போது வண்ணத்தை முதலில் மூட வேண்டும் என்றோ, கை ஓட்டம் பாடிக்கு வெளியே தொடங்கி வெளியே முடிய வேண்டும் என்றோ கையேட்டில் எங்கும் ஒரு வரி இல்லை. பாடியில் கை வைப்பதற்கு முன் பிளாஸ்டிக் கரண்டியில் அடித்துப் பழகச் சொல்லும் ஒரு வாக்கியம் போட்டிருந்தால் எத்தனையோ பாடிகள் தப்பியிருக்கும்.

இன்னொன்று, சிவப்புப் பிளாஸ்டிக்கில் வார்த்த பயிற்சிப் பாடி. கூட வருவது வெள்ளை, மஞ்சள் வண்ணங்கள். இங்கே பழக வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது மஞ்சள் சிட்டி கோல்ஃப். 1984-இல் அந்தக் கார் தென்னாப்பிரிக்காவில் வந்தபோது சிவப்பு, மஞ்சள், நீலம் என்றுதான் வந்தது. இன்றும் எங்கள் தெருக்களில் ஓடுகிறது. மஞ்சளுக்கு மறைப்புத் திறன் குறைவு, அடியில் வெள்ளை வேண்டும். சிவப்புப் பிளாஸ்டிக்கின் மேல் நேரடியாக லேக்கர் வெள்ளை அடித்தால், தின்னர் பிளாஸ்டிக்கிலுள்ள நிறத்தைக் கரைத்து மேலே இழுத்து வருகிறது. வெள்ளை ரோஸ் ஆகிறது, அதற்கு மேல் மஞ்சள் மாம்பழ நிறமாகிறது. எத்தனை கோட் அடித்தாலும் ஏறிக்கொண்டே இருக்கும். நடுவில் சில்வர் லேக்கரை மெல்லிய பூச்சுகளாக அடித்துத் தடுக்க வேண்டும், அல்லது நீங்கள் வெள்ளைப் பிளாஸ்டிக் பாடியையே கொடுக்க வேண்டும். இரண்டாவது உங்களுக்கும் எளிது.

இனி தண்ணீர். டர்பன் கடலோர ஊர், கோடையில் காற்று பிசுபிசுவென்று இருக்கும்; சென்னையில் இருக்கும் உங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. அழுத்தும்போது சூடாகும் காற்று ஹோஸில் குளிர்ந்ததும் ஈரம் சொட்டாகத் திரளும். அதைப் பிடிக்கத்தான் ரெகுலேட்டருக்குக் கீழே வாட்டர் டிராப். பெட்டியின் மேலுள்ள படத்தில் அது இருக்கிறது, பெட்டிக்குள் இல்லை. மூன்றிலும் இல்லை. தொட்டி இல்லாத சிறிய கம்ப்ரசர் என்பதால் ஈரம் தங்க வேறு இடமும் கிடையாது. இதைத் தொலைபேசியில் சொன்னபோது, மழை நாளில் லேக்கர் வெளுப்பது சகஜம் என்றார்கள். அது வேறு. தின்னர் வேகமாக ஆவியாகிப் பூச்சைக் குளிர வைப்பதால், அறைக் காற்றின் ஈரம் அதன் மேல் படிந்து, பரவலாகப் பனி மூட்டம் போல வெளுக்கும். மெதுவாகக் காயும் ரிடார்டர் கலந்தால் அது அடங்கும். ஹோஸில் வரும் தண்ணீர் தனித்தனிப் புள்ளியாக, நடுவில் குழி விழுந்து நிற்கும். எங்கள் படங்களில் இருப்பது குழி. ரிடார்டர் இதற்கு உதவாது.

கம்ப்ரசரின் மோட்டார் நன்றாக ஓடுகிறது. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் இரண்டு ஊருக்கும் பொதுதான். பிளக்கைத்தான் யாரும் யோசிக்கவில்லை. நீங்கள் வைத்திருப்பது சின்ன மூன்று முள். உங்கள் ஊரில் கீசருக்குப் போடுகிற பெரிய மூன்று முள் சாக்கெட்தான் இங்கே வீட்டுச் சுவர்களில் வழக்கம். தளர்வான அடாப்டரில் செருகி, பக்கத்தில் தின்னர் குப்பியைத் திறந்து வைப்பது விபரீதம்.

கடைசியாக, மற்ற எல்லாவற்றையும்விட அவசரமானது. தொகுப்பில் உள்ள கிளியர் கோட் (நிறமில்லாத பளபளப்பு மேல்பூச்சு) இரண்டு பாகமாக வருகிறது. அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதோடு நீங்கள் கொடுப்பது காகித முகமூடி. காகித முகமூடி தின்னர் ஆவியையே தடுக்காது. ஐசோசயனேட் மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை பிடித்துவிட்டால் பிறகு சிறிதளவும் ஆகாது. வாசனையை வைத்தும் அதைக் கண்டுகொள்ள முடியாது. பன்னிரண்டு வயதிலிருந்து பழகலாம் என்று பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே இதை வைப்பது எப்படி? எங்கள் பயிற்சியில் அந்தக் குப்பிகளைத் திறக்கவே இல்லை. தொடக்கத் தொகுப்புக்கு ஒரு பாக லேக்கர் கிளியர் போதும்; நன்றாகக் காய்ந்த பின் 2000 உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, காம்பவுண்டில் மெருகேற்றினால் பளபளப்பு வந்துவிடும். அதற்கும் கரிம ஆவி கார்ட்ரிட்ஜ் உள்ள ரெஸ்பிரேட்டர் வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

நாங்கள் கேட்பது: இரண்டு ஏர்பிரஷுக்கு நாசில், அவற்றின் உபரி நாசில்களும் சேர்த்து, மூன்றாவதற்கு 0.3 ஊசி, மூன்றுக்கும் டெஃப்லான் வாஷர், வாட்டர் டிராப், சரியான லேக்கர் தின்னர், இந்த ஊருக்கு ஏற்ற பிளக். அனுப்பும் முன் ஒவ்வொரு நாசிலையும் மேலே சொன்ன தண்ணீர்ச் சோதனை செய்து அனுப்புங்கள். இரண்டு பாகக் கிளியருக்கும் சிவப்புப் பாடிகளுக்கும் உரிய பணத்தைத் திருப்பித் தாருங்கள். பாகங்களாக அனுப்ப முடியாதென்றால் மூன்று தொகுப்புகளையும் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் தரலாம்.

தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56-ஆவது பிரிவுப்படி, குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் விற்றவரின் செலவிலேயே திருப்பித் தரலாம். பழுதுபார்ப்பதா, மாற்றுவதா, பணமா என்று தேர்வு செய்வது வாங்கியவர். பதினைந்து வேலை நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், இதே கடிதத்தை இங்குள்ள நுகர்வோர் பொருள் மற்றும் சேவைகள் குறைதீர்ப்பாளருக்கு அனுப்புவோம்.

பழுதான பாகங்களை எண் ஒட்டித் தனித்தனிப் பையில் வைத்திருக்கிறோம். உங்கள் ஆள் வந்து லூப்பில் பார்க்கலாம். தின்னரும் ஹார்டனரும் தீப்பிடிக்கும் திரவங்கள், சாதாரண கூரியர் எடுக்காது. அவற்றை உங்கள் டர்பன் பிரிவு வண்டியோடு வந்து வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்யவும். சனிக்கிழமை பிற்பகலில் வந்தால் நாங்கள் எல்லோரும் இருப்போம்.

இப்படிக்கு,
மாடல் கார் பயிற்சிக் குழுவினர்,
சாட்ஸ்வர்த், டர்பன்.

இணைப்பு: ரசீது நகல், வரிசை எண்கள், நாசில் விரிசலின் படங்கள், ஒட்டுப் பிரிக்காத உபரிப் பையின் படம், ஊறவைத்த ஓ-ரிங்கின் படம், குழி விழுந்த பூச்சின் படங்கள், உங்கள் முந்தைய பதிலின் நகல்.