கேம் தயார், மக்கா

அன்புள்ள மக்கா,

போன வாரம் தக்கலைக்குப் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். கண் ஆபரேஷன் முடிந்து தெளிவாக இருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, ஒரு சீப்பு மட்டிப்பழம் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். இங்கே மழை விட்டபாடில்லை. குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு நின்று கிடப்பதாகச் சித்தப்பாவுக்கு வருத்தம்.

சரி, என் சேதிக்கு வருகிறேன். கேம் தயார். கம்ப்யூட்டர் கேம் விற்கும் தளமான ஸ்டீமில் 100 டாலர் கட்டிப் பக்கம் போட்டாயிற்று. 'விரைவில்' என்று குறைந்தது இரண்டு வாரம் அந்தப் பக்கம் நின்ற பிறகே வெளியிட முடியும்.

1982இல் வந்த காமடோர் 64 மாதிரி ஒரு கற்பனைக் கம்ப்யூட்டரைச் செய்திருக்கிறேன். 320க்கு 200 புள்ளிகள், 16 வண்ணங்கள், 64 கிலோபைட் நினைவகம். திறந்தால் நீலத் திரையில் கர்சர் மட்டும் மின்னும். எதிரியும் கிடையாது, லெவலும் கிடையாது. பேசிக் என்கிற எளிய கம்ப்யூட்டர் மொழியில் நீ எழுதுகிற புரோகிராம்தான் விளையாட்டு.

"முதலில் டுடோரியல் வை, பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை" என்றார்கள் பார்த்தவர்கள். அந்தக் கவலை நியாயமானது. வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்பது ஸ்டீமின் விதி. காலித் திரையைக் கண்டு மிரண்டவர் அதைத்தான் செய்வார். ஆனாலும் அம்புக்குறி போட்டு "இங்கே அமுக்கு" என்று கூட்டிக்கொண்டு போக எனக்கு மனசில்லை. அம்பு மறைந்த இடத்தில் பிள்ளையும் நின்றுவிடும்.

அதனால் கேமுக்குள்ளேயே ஒரு பழைய பத்திரிகையை வைத்தேன். எண்பதுகளில் கம்ப்யூட்டர் பத்திரிகைகள் முழு புரோகிராமையும் அச்சடிக்கும், வாசகர்கள் வரிவரியாகத் தட்டி ஓட்டிப் பார்ப்பார்கள். நம் பத்திரிகையில் முதல் பக்கம் முப்பந்தல் காற்றாலை. மூன்று இறக்கைகள், ஒன்றுக்கொன்று 120 டிகிரி. கோணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, சைனும் கோசைனும் வைத்து இறக்கையின் நுனி எங்கே வரும் என்று கணக்கிட்டுக் கோடு போட்டால் சுற்றத் தொடங்கும். பக்கத்து வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, யாரும் சொல்லாமலே 120ஐ 90 ஆக்கி நாலு இறக்கை வைத்துவிட்டாள். "சைன் இதுக்குத்தானா மாமா?" என்று அவள் கேட்டபோது எனக்கு அத்தனை சந்தோஷம்.

நிறைய வேலை வாங்கியது தமிழ் எழுத்துதான். 8க்கு 8 புள்ளிக் கட்டத்தில் ஆங்கில எழுத்து சுகமாக உட்காரும். 'ணை' எப்படி உட்காரும்? 'கொ'வில் வேறு சிக்கல். கம்ப்யூட்டர் எழுத்துகளைச் சேமிக்கிற யூனிகோட் முறையில் 'க' முன்னால், உயிர்க்குறி பின்னால். திரையிலோ கொம்பு முன்னால், கால் பின்னால் வர வேண்டும். கடைசியில் உயரத்தை 16 ஆக்கி, எழுத்துக்குத் தேவைப்படுகிற அளவுக்குப் பக்கத்துக் கட்டங்களைச் சேர்த்துக்கொண்டேன். இப்போது "வரி 40: அடைப்புக்குறியை மூடவில்லை" என்று திரை தமிழிலேயே சொல்கிறது. தன் பிழையைத் தானே படித்துத் திருத்துகிற பிள்ளை அடுத்த வரிக்குப் போய்விடும். இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

சோதனைப் பிரதியை உன் மெயிலுக்கு அனுப்பியிருக்கிறேன். மகளிடம் கொடு. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்காதே, மக்கா. அவள் கை எந்த இடத்தில் நிற்கிறது என்று மட்டும் பார்த்து எழுது. அதைச் சரிசெய்த பிறகுதான் தேதி குறிப்பேன். அப்புறம், மஸ்கட்டிலிருந்து எப்போது வருகிறாய்? அம்மா என்னிடம்தான் கேட்கிறார்கள்.

அன்புடன்,
உன் நண்பன்