பெரிஸ்கோப்பில் கண் வைக்கப் போகிற மகனுக்கு

தம்பி,

நல்லா இருக்கிறாயா? நீ சப்மரைன் கேப்டன் பயிற்சிக்குத் தேர்வானதை அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள், முதுநகர் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற பையன்கள் வரைக்கும் தெரியும். எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. சந்தோஷம் ஒரு பக்கம், போன லீவில் தேவனாம்பட்டினம் மணலில் உட்கார்ந்து நீ விரலால் வரைந்து காட்டிய அந்த இங்கிலாந்துப் பயிற்சி ஒரு பக்கம்.

பெரிஷர் என்றாய், 1917-ல் ஆரம்பித்ததாம். போர்க்கப்பல் நேராக நம் தலைமேல் ஏறுகிற மாதிரி வரும். பெரிஸ்கோப்பைத் தூக்கிச் சில விநாடி பார்த்துவிட்டு இறக்கிவிட வேண்டும், அப்புறம் ஸ்டாப்வாட்சும் மனக்கணக்கும்தான். 30 நாட் வேகத்தில் வருகிற கப்பல் ஒரு நிமிடத்தில் 900 மீட்டருக்கு மேல் தாண்டிவிடும், அதுவும் ஒரே கப்பல் இல்லை, வெவ்வேறு திசையிலிருந்து இரண்டு மூன்று வரும், எதை மறுபடி எப்போது பார்ப்பது, எந்த விநாடியில் ஆழத்துக்கு இறங்கியே ஆக வேண்டும் என்று எல்லாம் தலைக்குள்ளேயே ஓட வேண்டும். உள்ளே இருக்கிற அத்தனை பேருக்கும் கண் நீ ஒருத்தன்தான். பக்கத்தில் 'டீச்சர்' நிற்பார், நீ விநாடியைத் தவறவிட்டால் அவரே இறங்கச் சொல்லிவிடுவார். தேறாதவனுக்குத் தெரியாமலே அவன் பெட்டியைக் கட்டி வைத்து, கையில் ஒரு விஸ்கி பாட்டிலைக் கொடுத்துப் படகேற்றி அனுப்பிவிடுவார்களாம், அதற்குப் பிறகு அவனுக்குச் சப்மரைனில் வேலையே கிடையாது. பாவம், இத்தனை வருஷம் உழைத்தவனை இப்படியா என்றாள் அம்மா. நான் அப்படி நினைக்கவில்லை. அத்தனை உயிரை ஒருத்தன் கையில் கொடுப்பதற்கு முன் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

என் கவலை டீச்சர் பக்கத்தில் நிற்கிற நாளைப் பற்றி இல்லை, அவர் இல்லாத நாளைப் பற்றி.

நீ எட்டாவது படித்தபோது ஐப்பசியில் நம் படகு முகத்துவாரத்தில் தட்டியது ஞாபகம் இருக்கிறதா? மணல் தூர்ந்து கிடந்தது, கடல் கொந்தளிப்பு, ஐஸ் கரைந்துகொண்டிருந்தது, ஏலம் முடிவதற்குள் மீனைக் கரை சேர்க்க வேண்டும் என்று எனக்கு அவசரம். தெருக்கோடி மாமா முன்னால் கயிற்றைப் பிடித்து நின்றபடி "பொறு, இன்னொரு அலை போகட்டும்" என்று கத்தினார். கேட்டது தம்பி, நன்றாகவே கேட்டது. படகை ஓட்டுகிறவன் நான், எனக்குத் தெரியாததா என்று உள்ளே விட்டேன். அடிப்பலகை மணலில் இடித்து, படகு பக்கவாட்டில் திரும்பி, அடுத்த அலை அப்படியே மேலே விழுந்தது. மாமாவின் கால் கயிற்றில் மாட்டி முறிந்தது. உங்களிடம் இன்ஜின் கோளாறு என்று சொன்னேன், அது பொய்.

அதனால்தான் நீ சொன்ன ரஷ்யக் கதையில் எனக்கு வேறொருவர் மேல் கண் போகிறது. 1962 அக்டோபர் 27, கியூபா பக்கம், பி-59 என்கிற ரஷ்யச் சப்மரைன். மேலே அமெரிக்கக் கப்பல்கள் வெடி போடுகின்றன, உள்ளே தாங்க முடியாத சூடு, மாஸ்கோவிலிருந்து ஒரு தகவலும் இல்லை. கேப்டன் சாவித்ஸ்கி கோபத்தில் அணு டார்பிடோவைத் தயார் செய்யச் சொன்னதாகவும், கூட இருந்த அர்கிபோவ் தடுத்துப் பேசி மேலே வரச் செய்ததாகவும் சொன்னாய். எல்லோரும் அர்கிபோவைத்தான் கும்பிடுகிறார்கள், சரி, கும்பிட வேண்டியவர்தான். ஆனால் அந்தச் சூட்டில், அந்தக் கோபத்தில், தன் ஆட்கள் முன்னால் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டாரே சாவித்ஸ்கி, என்னால் அன்று அது முடியவில்லை. உன் ஆட்களில் வயதில் சின்னவன் ஒருத்தன் "சார், பொறுங்கள்" என்று சொல்லத் துணிகிற மாதிரி நீ இருக்க வேண்டும், அவன்தான் அப்புறம் உனக்கு டீச்சர்.

நெத்திலிக் கருவாடு பார்சல் போட்டிருக்கிறாள் அம்மா, மெஸ்ஸில் நாற்றம் என்று யாராவது சொன்னால் வெளியே வைத்துச் சாப்பிடு. அடுத்த லீவில் மாமாவுக்கு ஒரு நல்ல வேட்டி வாங்கி வா. மழைக்காலம் வந்தால் அந்தக் கால் இன்னும் வலிக்கிறது என்கிறார்.

அப்பா